முதல் வரிசை நாற்காலி

செத்துப்போனவள் செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு பெட்டி மக்ரூனோடு பேச்சு மன்றத்துக்கு வந்தாள்.

தூத்துக்குடியில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளி. அங்கே பேச்சு மன்றத்தை நடத்துகிறவர் விலங்கியல் ஆசிரியை தங்கபுஷ்பம். வாசலில் நின்ற பெண், தான் ஜெஸிந்தாவின் அம்மா லூர்து என்றாள். மீன் சந்தையில் கடை வைத்திருக்கிறாளாம். மகள் மாவட்டப் போட்டியில் முதல் பரிசு வாங்கியதற்கு இனிப்புக் கொடுக்க வந்தாளாம்.

மன்றத்துப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரும் ஜெஸிந்தாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜெஸிந்தா இந்த வருஷம்தான் பதினோராம் வகுப்புக்கு வேறு பள்ளியிலிருந்து வந்தவள். மாவட்ட மேடையில் ‘தியாகம்’ என்ற தலைப்பில் பேசினாள். மழையில் மீன்கூடையோடு விழுந்து செத்த தன் அம்மாவைப் பற்றிப் பேசினாள். நடுவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். கூடப் போன தையல் டீச்சர் மறுநாளே கோயிலுக்குப் போய் லூர்தின் ஆன்மாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தார்.

அந்தத் தையல் டீச்சர்தான் இப்போது லூர்தின் கையிலிருந்து மக்ரூனை வாங்கினார். வாங்கியது கையிலேயே இருந்தது.

தங்கபுஷ்பம் முதல் வரிசையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். மீன் வாடை ஒட்டிவிடுமே என்று லூர்து நுனியில் உட்கார்ந்தாள். எம்புள்ள எப்படிப் பேசினா டீச்சர் என்று கேட்டாள். நன்றாகப் பேசினாள் என்றார் தங்கபுஷ்பம். லூர்து எழுந்தபோது, உட்கார்ந்த இடத்தை முந்தானையால் துடைத்துவிட்டுப் போனாள்.

ஜெஸிந்தா கரும்பலகை ஓரமாக நின்றாள். யாரும் அவளைத் திட்டவில்லை. அதிலேயே அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

“எல்லாரும் செய்றதுதான் டீச்சர். போன வருஷம் ஜெயிச்சவன் தங்கச்சிக்குப் புற்றுநோய்னான். அவனுக்குத் தங்கச்சியே கெடையாது.”

“சரி.”

“அழ வச்சாத்தான் பரிசு குடுக்காங்க. எங்கம்மா நல்லாத்தான இருக்கா? இதுல யாருக்கு என்ன நஷ்டம்?”

தங்கபுஷ்பம் மேசையிலிருந்து அனுமதித் தாளை எடுத்து அவள் முன் வைத்தார். சனிக்கிழமை திருச்சியில் மாநிலப் போட்டி. ஜெயித்தால் ஒரு நல்ல கல்லூரியில் செலவில்லாமல் படிக்கலாம். மன்ற ஆசிரியை கையெழுத்துப் போடாவிட்டால் பஸ் ஏறவே முடியாது.

“அதே பேச்சைத்தான் பேசுவேன் டீச்சர்.”

“பேசு. வெள்ளிக்கிழமை இங்க ஒத்திகை. உங்கம்மா முதல் வரிசையில உக்காந்து கேக்கணும். கேட்டா கையெழுத்து.”

ஜெஸிந்தாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் அவள் மீன் சந்தையில் வளர்ந்தவள். ஒருத்தர் விலை சொல்லி, இன்னொருத்தர் அப்படியே தலையாட்டி அவள் பார்த்ததில்லை.

முன்னால் அம்மா இருந்தால் தன் முகம் மாறிவிடும், கடைசி வரிசையில் இருக்கட்டும் என்றாள்.

“சரி” என்றார் தங்கபுஷ்பம்.

கடைசி வரிசை என்றாலும் காதில் விழும், வராந்தாவில் நிற்கட்டும் என்றாள்.

“சரி.”

ஜெஸிந்தாவுக்குத் தெம்பு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை கத்தோலிக்கச் சனம் கறி தின்னாமல் மீனுக்கு அலையும், அன்றைக்குக் கடையை விட்டுவிட்டு வரச் சொல்வது நியாயமே இல்லை, அம்மா வரவே வேண்டாம் என்று ஒரே போடாகப் போட்டாள்.

பிள்ளைகள் டீச்சர் முகத்தைப் பார்த்தார்கள்.

“சரி, வர வேண்டாம். அவங்க உக்காந்த நாற்காலி மட்டும் அங்கயே கெடக்கட்டும்.”

“காலி நாற்காலி தான? கெடந்துட்டுப் போகட்டும் டீச்சர்” என்று சிரித்தாள். இவ்வளவு சுளுவாகப் படிந்த பேரம் அவள் சந்தையிலேயே பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை தங்கபுஷ்பம் சொன்னபடி கையெழுத்துப் போட்டார். தாளை அந்த நாற்காலியின் மேல் வைத்தார். பேசி முடித்து எடுத்துக்கொள் என்றார்.

ஜெஸிந்தா மேடையேறினாள். தொடக்கம் கணீரென்று வந்தது. மழை வந்தது. கூடை வந்தது. அம்மா கால் வழுக்கிச் சரிந்தாள். தையல் டீச்சர், எல்லாம் தெரிந்தும், கைக்குட்டையைத் தேடினார்.

“இன்றைக்கும் அந்தக் கூடை இருக்கிறது. அவள் உட்கார்ந்த இடம் இருக்கிறது. அவள்...”

கையை நீட்ட வேண்டிய இடம் அது. நீட்டினாள். விரல் நேராக நாற்காலியைக் காட்டியது.

அதில் யாரும் இல்லை.

வேண்டுமென்றே நிறுத்துகிறாள் என்று பிள்ளைகள் நினைத்தார்கள். நேரம் பார்க்கிற பெண் நான்காம் நிமிட மணியை அடித்தாள். நீட்டிய கை அப்படியே நின்றது. வாய் திறந்திருந்தது. முந்தானையால் துடைத்த தடம் நாற்காலித் தூசியில் இன்னும் தெரிந்தது. ஐந்தாம் நிமிட மணியும் அடித்தது.

ஜெஸிந்தா கீழே இறங்கினாள். கோபம்தான் முதலில் வெளியே வந்தது.

“வராந்தாவுலயாவது நிக்க வச்சிருக்கலாம்ல டீச்சர்? நான் கேட்டதுக்கெல்லாம் ஏன் சரி சரின்னீங்க?”

கையெழுத்துப் போட்ட தாள் நாற்காலியிலேயே கிடந்தது. அவள் அதன் பக்கம் போகவில்லை.

தங்கபுஷ்பம் சொன்னார்:

“நான் முதல் வரிசையிலதான் ஆரம்பிச்சேன், ஜெஸிந்தா. கொறச்சிக்கிட்டே வந்தது நீ.”