ஊற்றை மிதித்த ஊர்வலம்

கோடையில் காட்டாறு வறண்டுவிட்டது. மணல்தான் மிஞ்சியது. மணலுக்கு அடியில் தண்ணீர் இருந்தது. அதைத் தோண்டி எடுக்கத் தெரிந்தது ஒரு பெண் யானைக்கு மட்டுமே.

அது காலால் மணலைக் கிளறும். தும்பிக்கையால் அள்ளி வெளியே போடும். குழியில் ஊற்று சுரக்கும். யானை குடித்த பிறகு மற்ற விலங்குகள் குடிக்கும். அந்தக் காட்டில் அதுதான் வழக்கம்.

அந்த வழக்கத்தில் ஒரு கோளாறும் இருந்தது. காட்டுப்பன்றி குடித்து முடித்ததும் ஊற்றிலேயே படுத்துப் புரளும். குரங்குகள் கரையிலிருந்து அதற்குள் குதிக்கும். மான்கள் ஒரு வாய் குடித்துவிட்டு ஓடும். சற்று நேரத்தில் திரும்பி வந்து இன்னொரு வாய் குடிக்கும். ஒவ்வொரு முறையும் மணல் சரியும். குழி மூடிக்கொள்ளும்.

"யானையக்கா! ஊற்று தூர்ந்துவிட்டது!"

மூங்கில் தின்னப் போன யானை பாதி வழியில் திரும்பி வரும். மறுபடியும் தோண்டும். தின்ன நேரம் இல்லாமல் அது மெலிந்தது. விலா எலும்புகள் வெளியே தெரிந்தன.

ஆற்று மணலில் முட்டையிட்டு அடைகாத்துக் கொண்டிருந்த ஆட்காட்டிக் குருவி இதைப் பார்த்துக் கத்தியது.

"அடேய்! யானையின் பலம் கரைகிறது! அது விழுந்தால் நமக்குத் தண்ணீர் ஏது?"

"இந்தக் குருவிக்குக் கத்துவதே பிழைப்பு!" என்றது பன்றி. "யானைக்கு இல்லாத பலமா? மலை மாதிரி நிற்கிறது!"

"தினம் ஒரு கூடை அள்ளினால் மலையும் தீர்ந்துபோகும்!" என்றது குருவி.

இதைக் கேட்ட நரி உடனே கூட்டத்தைக் கூட்டியது. கூட்டம் என்றால் நரிக்குக் கொள்ளை ஆசை.

"யானையின் ஆற்றலைக் காப்பது நம் கடமை! நாளைக்கே விழா எடுப்போம்! ஊர்வலம் போவோம்!"

எல்லா விலங்குகளும் வாலை ஆட்டின. தீர்மானம் நிறைவேறியது.

"ஊர்வலம் எதற்கு? ஊற்றில் புரளாமல் இருந்தாலே போதுமே!" என்றது குருவி.

"நல்ல காரியம் பேசும்போது குறுக்கே பேசாதே!" என்று எல்லாமாகச் சேர்ந்து அதட்டின.

மறுநாள் ஊர்வலம் புறப்பட்டது. மயில் தோகை விரித்து முன்னால் போனது. பன்றி கோஷம் போட்டது.

"காப்போம்! காப்போம்! யானையின் ஆற்றலைக் காப்போம்!"

புழுதி பறந்தது. ஆற்றின் நடுவே வந்த ஊர்வலம் ஊற்றின் மேலேயே ஏறிப் போனது. ஒன்றுகூடக் கீழே பார்க்கவில்லை. கத்திக் கத்தித் தொண்டை வறண்டு திரும்பி வந்தபோது, குழி இருந்த இடமே தெரியவில்லை.

"யானையக்கா! இன்று உனக்காகத்தான் விழா! கொஞ்சம் தண்ணீர் எடுத்துக் கொடு!" என்றது நரி.

யானை வந்தது. மணலை ஒரு முறை அள்ளியது. மறுமுறை தும்பிக்கையை நீட்டியபோது முன்கால்கள் மடங்கின. அப்படியே மணலில் சாய்ந்தது.

"இனி என்னால் ஆகாது, பிள்ளைகளே!" என்றது.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மான்குட்டி ஒன்று நாக்கைத் தள்ளியபடி தாயின் நிழலில் நின்றது.

"ஓர் அவசரக் கூட்டம்..." என்று நரி தொடங்கியது.

"கூட்டத்தைக் குடிக்க முடியுமா?" என்றது குருவி.

பன்றிக்குத் தாகம் தாங்கவில்லை. தானே மூக்கால் மணலைக் கிளறத் தொடங்கியது. கிளறக் கிளற மணல் சரிந்தது. மூக்கு தேய்ந்து எரிந்தது. மூச்சு வாங்கியது. உச்சி வெயில் சாய்ந்த பிறகுதான் கொஞ்சம் தண்ணீர் கண்ணில் பட்டது.

தண்ணீரைக் கண்டதும் ஒரு குரங்கு கரையிலிருந்து குதிக்க ஓடி வந்தது.

"ஏய், நில்லுடா!" என்று பன்றி உறுமியது. "குதித்தாயோ, வாலைப் பிடுங்கிவிடுவேன்! பாறைப் பக்கமாகச் சுற்றி வந்து மெதுவாக இறங்கு!"

"தினமும் இதில் புரள்வது நீதானே!" என்றது குரங்கு.

"அது வேறு ஆள் தோண்டிய குழி!" என்றது பன்றி. சொன்ன பிறகுதான் அதற்கே உறைத்தது.

பன்றி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு யானையிடம் போனது.

"அக்கா, முதலில் நீ குடி!"

அன்றிலிருந்து விலங்குகள் பாறைப் பக்கமாகவே ஊற்றுக்கு இறங்கின. மான்கள் வந்த வேளையிலேயே வயிறு நிறையக் குடித்துவிட்டுப் போயின. பன்றி காய்ந்த புழுதியில் புரண்டது. குரங்குகள் தழைகளை ஒடித்து வந்து, யானைக்குத் தின்னக் கொடுத்தது போக மீதியை ஊற்றின் மேல் பரப்பி வெயிலை மறைத்தன. இதில் எதற்கும் பெரிய கஷ்டம் இல்லை. நாலடி சுற்றி நடக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

யானை மெல்ல எழுந்தது. காலையில் ஒரு முறை தோண்டினால் போதும் என்று ஆனது. பகலெல்லாம் மூங்கில் தின்றது.

"இந்த வெற்றிக்கு ஒரு விழா எடுக்கலாமே!" என்றது நரி. பதில் சொல்ல யாரும் நிற்கவில்லை.

பிறகு ஆற்றில் புதுவெள்ளம் வந்தது. அதற்குள் குருவியின் குஞ்சுகள் மணலை விட்டுப் பறந்திருந்தன. யானை தன் காலாலேயே நடந்து கரையேறியது.

பிறர் உழைப்பால் வரும் ஆற்றலை வாய் கிழியப் புகழ்வதைவிட, அன்றாடம் அதை வீணாக்காமல் பயன்படுத்தப் பழகுவதே அதைக் காக்கும் வழி.