பரமன் பஸ்

குரு என்றதும் தாடியையும் மரத்தடியையும் தேடுகிறவர்கள் அற்புதத்தைப் பார்த்தால் ஏமாந்துதான் போவார்கள். வயது முப்பத்தொன்று. தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் எட்டாம் லைனில், ஜன்னலை ஒட்டிப் போட்ட கட்டில்தான் அவளுடைய பீடம். மடியில் ஒரு பலகை. பலகை மேல், தம்பி படிக்கும்போது அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த லேப்டாப். ஆறு வருஷத்துக்கு முன்னால் இலை மூட்டையோடு சரிவில் வழுக்கி விழுந்தாள். இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. அதற்கப்புறம்தான் அவள் பஸ் ஓட்டக் கற்றுக்கொண்டாள், கம்ப்யூட்டர் விளையாட்டில்.

சீடருக்கு வயது நாற்பத்தாறு. பெயர் சுடலைமுத்து. எஸ்டேட் ஃபேக்டரியில் பாய்லர் பார்க்கிறவர். அந்த விளையாட்டில் இருப்பதெல்லாம் வெளிநாட்டு பஸ். அதற்குப் பதிலாக நம் ஊர் பஸ்ஸைச் செய்து உள்ளே நுழைப்பதற்கு மோட் என்று பெயர். அந்த வித்தையை அற்புதத்திடம் இரண்டு வருஷம் படித்தார். அவளை மாஸ்டர் என்பார். அவள் அவரை அண்ணே என்பாள். இருவருக்கும் அதில் கூச்சம் கிடையாது.

அந்த மலையில் எந்த வீட்டிலும் இன்டர்நெட் இல்லை. மொத்தம் எட்டு லைன். லைனுக்கு ஒரு பென்டிரைவ் உண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு நிற நூல் கட்டியிருக்கும். காலையில் கண்டக்டர் பரமன் எட்டையும் வாங்கிக்கொண்டு பஸ்ஸோடு கீழே இறங்குவார். அடிவாரத்தில் பஸ் நிற்கும் முக்கால் மணி நேரத்தில், பிரவுசிங் சென்டரில் புதிதாக வந்த மோட்களையும், மலையில் யாராவது செய்து கொடுத்ததையும் எட்டிலும் ஏற்றி, சாயங்காலம் திருப்பிக் கொடுப்பார். அதற்காக யாரிடமும் ஒரு டீ கூட வாங்கிக் குடித்ததில்லை.

அன்று சனிக்கிழமை, நாலேகால் மணி. மலை முழுக்க கரண்ட் இல்லை, அற்புதத்தின் லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. சுடலைமுத்து வந்தவர் உட்காரவே இல்லை.

“ஒரு கேள்வி மாஸ்டர்.”

“கேளுங்க.”

“ஏழு மாசம் உக்காந்து ஒரு பஸ் செஞ்சேன். நம்ம மலை பஸ்ஸு. சீட்டுல கிழிஞ்ச ரெக்ஸின்கூட விடல. இப்ப எல்லா லைன்லயும் அதுக்கு என்ன பேரு தெரியுமா?”

“பரமன் பஸ்.”

“என் பேரை ஒரு ஃபைல்ல எழுதி, பஸ்ஸோட சேத்துத்தான் கொடுத்தேன். எந்த வீட்டுலயும் அந்த ஃபைலைக் காணோம். அடுத்தவன் உழைப்புல தன் பேரை ஒட்டிக்கிறவனை என்ன செய்யணும்?”

அற்புதம் திரையைப் பார்த்தபடி கேட்டாள்.

“அந்த பஸ்ஸுல ஹாரன் நல்லா இருக்கு. யாரு செஞ்சது?”

“அது ஏதோ பென்டிரைவ்ல வந்தது.”

“யாரோடது?”

“பேர் ஒண்ணும் இல்ல மாஸ்டர்.”

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். சுடலைமுத்துவுக்கு எரிச்சலாக வந்தது. நியாயம் கேட்க வந்தால் ஹாரனைப் பற்றிப் பேசுகிறாளே என்று நினைத்தார்.

உண்மையில் அவர் கேள்விக்கான பதிலை முன்கூட்டியே செய்து முடித்துவிட்டுத்தான் வந்திருந்தார். பின்பக்கக் கதவைச் சரிசெய்த புது பஸ் ஒன்றை அன்று காலையில் பரமனிடம் கொடுத்திருந்தார். அதற்குள் நாலு வரி மறைத்து எழுதியிருந்தார். விளையாட்டு திறந்ததும் அந்த நாலு வரி, பெயர் எழுதிய ஃபைல் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் சும்மா இருக்கும். இல்லாவிட்டால், அந்த லேப்டாப்பில் சேமித்து வைத்த ஆட்டம் முழுவதையும் துடைத்துவிடும். பெயரை அழிக்கிற திருடன் மட்டும் மாட்டட்டும் என்பது அவர் கணக்கு. யோக்கியனுக்கு ஒன்றும் ஆகாது என்று முந்தின ராத்திரி நிம்மதியாகத் தூங்கவும் செய்தார்.

வெளியே பஸ் பிரேக் பிடித்தது. ஜன்னல் வழியாக ஒரு கை நீண்டது.

“இந்தா அற்புதம். புது பஸ் வந்திருக்கு. கீழ ஏழு லைனுக்கும் குடுத்தாச்சு, உன்னோடதுதான் கடைசி,” என்றார் பரமன். விசில் கேட்டது. பஸ் வளைவில் போய்விட்டது.

அற்புதம் பச்சை நூல் கட்டிய பென்டிரைவை லேப்டாப்பில் செருகினாள். சுடலைமுத்து எட்டிப் பார்த்தார். அவருடைய பஸ்ஸும் இருந்தது, பெயர் ஃபைலும் இருந்தது. பரமன் அதைத் தொட்டிருக்கவில்லை.

அடுத்த நொடி அற்புதம் பஸ்ஸை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்து அழித்தாள்.

“அதெல்லாம் ஏன் மாஸ்டர் அழிக்கிறீங்க?” என்று கேட்டார் சுடலைமுத்து.

“பிரவுசிங் சென்டர் பென்டிரைவ் அண்ணே. ஷார்ட்கட் வைரஸ் எதுல ஒட்டிட்டு வரும்னு யாரு கண்டா. பெரிய ஃபைலை வச்சுக்கிட்டு மிச்சத்தை அழிச்சிடணும். எல்லா லைனுக்கும் நான்தான் சொல்லிக் குடுத்தேன்.”

“பரமன் பஸ்னு பேர் வச்சது?”

“யாரு வச்சா? பரமன் கொண்டாந்தா பரமன் பஸ். மூணாம் லைன் பிலோமினா குடுத்தா பிலோமினா லாரி. இங்க எல்லாத்துக்கும் அப்படித்தானே.”

சுடலைமுத்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

பஸ் ஃபைல் லேப்டாப்புக்குள் ஏறிக்கொண்டிருந்தது. பச்சைக்கோடு பாதி வந்துவிட்டது. அந்த லேப்டாப்பில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், மலைக்கே தெரியும். ஒரு பஸ்ஸில் ஆரம்பித்து ஆறு வருஷத்தில் அந்த ஆட்டத்துக்குள் நாற்பத்திரண்டு பஸ் வாங்கியிருந்தாள். ஒவ்வொன்றுக்கும் எட்டு லைன்களில் உள்ள ஏதாவது ஒரு வீட்டுப் பெயர். ஆஸ்பத்திரிக்குத் தவிர வாசலைத் தாண்டாதவள், அந்த பஸ்களில் ஏறித்தான் ஊர் சுற்றினாள். தங்கள் வீட்டு பஸ் இப்போது எங்கே ஓடுகிறது என்று கேட்க தினமும் யாராவது ஜன்னலுக்கு வருவார்கள்.

சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார். சொன்னால் இந்தக் கட்டில் பக்கத்தில் இனி உட்கார முடியாது என்றும் நினைத்தார். அவளை இழக்க அவருக்கு மனமில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோடு முழுதாக நிறைந்தது. அற்புதம் விளையாட்டைத் திறக்கப் போனாள்.

“மாஸ்டர், தொடாதீங்க.”

அவள் விரல் நின்றது.

“நான் அதுல ஒரு கண்ணி வச்சிருக்கேன்.”

எல்லாவற்றையும் சொன்னார். தலை நிமிரவில்லை. அவள் பென்டிரைவைக் கழற்றினாள்.

“கீழ ஏழு லைனுக்கும் போயிடுச்சு, இல்ல?”

“ஆமா.”

“கரண்ட் எத்தனை மணிக்கு?”

“ஆறு மணிக்கு வரும்னு சொன்னாங்க.”

மற்ற வீட்டு லேப்டாப்களில் பேட்டரி செத்துப்போய் வருஷக்கணக்காகிறது. கரண்ட் வந்தால்தான் உயிர் வரும். கரண்ட் வந்ததும் முதல் வேலையாக எல்லோரும் பென்டிரைவைத்தான் செருகுவார்கள். சொல்லிக்கொடுத்தபடி மிச்சத்தை அழிப்பார்கள். மணி நாலு நாற்பது.

“ஆறு மணிக்குள்ள ஏழு லைனுக்கும் ஓட முடியாது மாஸ்டர். என் காலுக்கு ரெண்டு லைன் தாண்டாது.”

“ஓட வேண்டாம். அஞ்சு மணிக்கு எல்லா லைன் பொம்பளைங்களும் இலை எடை போட இங்க பக்கத்துக் கொட்டகைக்கு வருவாங்க. அங்க சொன்னா போதும், வீட்டுக்குப் போயிடும்.”

“என்னன்னு சொல்ல? வைரஸ்னா சிரிப்பாங்க. மாசாமாசம் யாராச்சும் சொல்றதுதான். இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்ருவாங்க.”

“ஆமா,” என்றாள் அற்புதம்.

ஜன்னல் வழியாக எடைக் கொட்டகைப் பக்கம் பார்த்தாள். பிறகு மடியிலிருந்த பலகையை நேராக்கி, விரலை விளையாட்டின் மேல் கொண்டுபோனாள். என்ன செய்யப் போகிறாள் என்று சுடலைமுத்துவுக்கு அப்போதுதான் புரிந்தது. பாய்ந்து பலகையைப் பிடித்தார்.

“வேண்டாம் மாஸ்டர். போச்சுன்னு சும்மா சொல்லிக்கிறேன்.”

“ஒரு வார்த்தை சொல்லாம உக்காந்திருந்ததுக்கே உங்க சட்டை வேர்வையில நனைஞ்சு போச்சு. நீங்க பொய் சொன்னா யாரு நம்புவா?”

“ஒரு நகலாவது எடுத்து வச்சுட்டுச் செய்யுங்க.”

“நகல் இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரிஞ்சா அது உங்க மூஞ்சில தெரியும். கையை எடுங்க அண்ணே.”

அவர் கையை எடுக்கவில்லை. அவளே ஒவ்வொரு விரலாக விலக்கினாள். விளையாட்டைத் திறந்தாள்.

திரை ஒருமுறை கறுத்து, வெளுத்தது. நாற்பத்திரண்டு பஸ்ஸும் வரிசையாக நிற்கும் இடத்தில் ஒன்றுமே இல்லை. புதிய ஆட்டத்தைத் தொடங்கவா என்று மட்டும் கேட்டது.

அற்புதம் அழுதாள். அதை மறைக்கவுமில்லை. சுடலைமுத்துவும் அழுதார். ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருந்தது.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“கிளம்புங்க அண்ணே. எடைக் கொட்டகையில நின்னு, அற்புதத்தோட நாப்பத்திரண்டு பஸ்ஸும் போச்சுன்னு சொல்லுங்க. அவங்கவங்க வீட்டு பஸ்ஸு அதுல இருந்துச்சு. பென்டிரைவை ஒருத்தரும் தொட மாட்டாங்க.”

அவர் வாசல் வரை போனார். அங்கே நின்றுவிட்டார்.

“யாரு வச்ச கண்ணின்னு கேப்பாங்களே மாஸ்டர்.”

“கேக்க மாட்டாங்க. பரமன் பஸ்னுதானே அவங்களுக்குத் தெரியும். உங்க பேரை நீங்களாத்தான் சொல்லணும்.”