புளிக்குத் தப்பிய வெள்ளிக்காசு

முன்னொரு காலத்திலே குமுதபுரி என்ற நாட்டைக் கோளரிவர்மன் என்ற ராஜா ஆண்டு வந்தார். அவர் ஆண்டார் என்பதைவிட, நாளுக்கொன்றாக அவருக்குத் தோன்றும் ஆசைதான் நாட்டை ஆண்டது என்று சொல்ல வேண்டும்.

ஒருநாள் சபையில், முன்னோர் அடித்த வெள்ளிக்காசுப் பேழையைத் திறந்து பார்த்தார். எல்லாம் கறுத்துக் கிடந்தன.

"அமைச்சரே, இது வெள்ளியா, அடுப்புக்கரியா? நாளைக்கு என் மாமனார் வருகிறார். அவர் கண் கூச வேண்டும்!"

பேழைக்குப் பொறுப்பான அமைச்சர் அம்பலத்தாடி வாய் திறப்பதற்குள் பழைய பொக்கிஷக்காரர் புங்கவர் முந்திக்கொண்டார். முன்பு பேழைச் சாவி இவரிடம்தான் இருந்தது. அது கைமாறியதிலிருந்து அம்பலத்தாடியைக் கண்டாலே இவருக்கு வயிறு எரியும்.

"புளியும் சாம்பலும் போட்டு அழுத்தித் தேய்த்தால் எல்லாம் கண்ணாடிதான், பிரபு. அமைச்சருக்குக் கை வலிக்கும் போலிருக்கிறது!"

"தேய்த்தால் உருவமும் சேர்ந்து போய்விடும், பிரபு. உங்கள் கொள்ளுத்தாத்தாவின் மூக்கு இந்தக் காசுகளில் மட்டும்தான் மிச்சம் இருக்கிறது" என்றார் அம்பலத்தாடி.

ராஜா தம் நீண்ட மூக்கைத் தடவிக்கொண்டார். "மூக்கும் போகக்கூடாது, கறுப்பும் இருக்கக்கூடாது. நாளைக்குள் துலக்கி வையும். இல்லாவிட்டால் உம் தலை இருக்காது!"

புங்கவர் பெரிய மனசு பண்ணி ஓர் உருண்டைப் புளியை அம்பலத்தாடியின் கையில் திணித்தார்.

பேழையை வீட்டுக்குக் கொண்டுவந்த அம்பலத்தாடிக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி நப்பின்னை தலையில் அடித்துக்கொண்டாள். "தேய்த்துத் தொலையுங்களேன்! செத்துப்போன ராஜா மூக்கு பெரிசா, உங்க தலை பெரிசா?"

அவள் சொல்வதும் நியாயமாகத்தான் பட்டது. விளிம்பைப் பிடித்து ஒரு காசை எடுத்தார். பெருவிரல் காசின் முகத்தில் பட்டு, விரல் கறுத்தது.

அவருக்குப் பகீரென்றது. வயதான வெள்ளியின் கறுப்பு கையில் ஒட்டாதே! இது விளக்குக் கரியல்லவா? மற்றக் காசுகளையும் தொட்டுப் பார்த்தார்; சில ஒட்டின, சில ஒட்டவில்லை. யாரோ அசலில் பாதியை எடுத்துவிட்டுப் புதுக்காசுக்குக் கரி பூசி வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்துவிட்டால் எது அசல், எது போலி என்று யாருக்குத் தெரியப்போகிறது? வெளியே சொன்னாலும், சாவி வைத்திருக்கும் தம்மேல்தான் பழி விழும். பக்கத்திலிருந்த புளியைப் பார்த்ததும், அதைக் கொடுத்தவரிடம்தான் முன்பு சாவி இருந்தது என்பது அவருக்கு உறைத்தது.

மறுநாள் சபையில் ஒரு கிண்ணத்தில் பூந்திக்கொட்டை ஊறிய வெதுவெதுப்பான தண்ணீரையும், பக்கத்தில் அந்தப் புளியையும் வைத்தார்.

"பிரபு, முதல் காசை அனுபவசாலியான புங்கவரே எடுத்துக் கொடுக்கட்டும். காசு கெட்டால் எடுத்தவர் தலை போகும். சம்மதமா?"

"பேஷ், சம்மதம்!" என்றார் ராஜா.

புங்கவர் புளியைப் பார்த்தார். முகம் வெளிறிப் பேழைக்குள் கைவிட்டுத் துழாவினார், துழாவிக்கொண்டே இருந்தார். தப்பித்தவறி அசலை எடுத்துவிட்டால் என்ன செய்வது என்று அம்பலத்தாடி அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் புங்கவர் ஒரு காசை நீட்டினார்.

அம்பலத்தாடி புளியைத் தொடவேயில்லை. காசைத் தண்ணீரில் அமிழ்த்தி எடுத்து, தேய்க்காமல் பஞ்சால் ஒற்றினார். அது பளபளவென்று மின்னியது! பிறகு தாம் ஒரு காசை எடுத்து அப்படியே செய்தார். தூசி மட்டும் போயிற்று, கறுப்பு அப்படியே இருந்தது.

"பிரபு, கறுத்தது அசல். இந்தக் கறுப்பு அழுக்கல்ல, அதன் வயசு. மின்னுவது கரி பூசிய புதுக்காசு. இத்தனை காசில், எவ்வளவு தேய்த்தாலும் கெடாத போலி எது என்று புங்கவருக்கு எப்படித் தெரிந்தது?"

புங்கவர் தடாலென்று காலில் விழுந்தார். "பிரபு, நான் எடுத்த அசலெல்லாம் என் வீட்டில்தான் பத்திரமாக இருக்கிறது!"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "காசைத் துலக்கச் சொன்னால் துப்புத் துலக்கிவிட்டீரே, அமைச்சரே!" என்று தம் முத்துமாலையைக் கழற்றி அம்பலத்தாடிக்குப் போட்டார். "யாரங்கே! அசலை மீட்டு வாருங்கள். இனி அரண்மனை அடுக்களைப் பாத்திரமெல்லாம் புங்கவர் பொறுப்பு. புளியும் சாம்பலும் தாராளமாகக் கொடுங்கள்!"

மாமனார் வந்தார். கறுத்த காசைக் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, "அடடா, மாப்பிள்ளை மூக்கு அப்படியே இருக்கிறதே!" என்றார். ராஜாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

அம்பலத்தாடி வீட்டுக்குள் நுழைந்ததும் நப்பின்னை அவர் கழுத்தைத்தான் முதலில் பார்த்தாள். முத்துமாலை அவள் கண்ணில் படவேயில்லை.

"தலை பத்திரமாக இருக்கிறது. வயிறுதான் காலி" என்று அவள் கையில் புளியை வைத்தார் அம்பலத்தாடி. "ரசம் வை."