பொட்டு வைத்த மெஷின்

கூலிக்கு மரம் வெட்டும் இருளப்பன், மரம் அறுக்கும் மெஷின் பழசாகக் கிடைக்குமா என்று கேட்டதும் மெஷின் கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "நாளெல்லாம் புளியமரம் அறுக்கணும் அண்ணாச்சி. இப்ப வர்ற புதுசெல்லாம் தோட்டத்துக் கிளைக்குத்தான் தாங்கும்," என்றான் மெல்ல.

"மேசைக்கடியில கிடக்கிற பழசு காயலான் சரக்குப்பா," என்றார் முதலாளி தனுஷ்கோடி. "அதை ஓட்டிப் பாக்காமலே நல்லதுன்னு நிரூபி. பாதி விலைக்குத் தர்றேன்."

மறுபடியும் சிரிப்பு. இருளப்பன் கூனிக்குறுகித் தலை குனிந்தான். குனிந்த கண்ணில் அந்த மெஷின் பட்டது.

"விக்கிற சரக்குக்கு யாரும் பொட்டு வைக்கிறதில்ல அண்ணாச்சி. நேத்து ஆயுத பூசைக்கு இந்தக் காயலானுக்கு மட்டும் எதுக்குச் சந்தனமும் குங்குமமும்?"

"அது... நம்ம தோப்புல தினம் மரம் அறுக்கிற மெஷினு," என்று உளறிவிட்டார் தனுஷ்கோடி.

இருளப்பன் பாதி விலையை எண்ணி வைத்துவிட்டு, மெஷினைத் தோளில் ஏற்றிக்கொண்டு படியிறங்கும் வரை அவர் தலை நிமிரவில்லை.