மரணம் மனப்பாடம் செய்த பெயர்

“என் பெயரை மாற்றிக் கொடுங்கள், மகோசி” என்றான் சீடன்.

தென்னாப்பிரிக்காவின் கிழக்கு மலைகளில், ஜூலு மக்களின் ஊர் ஒன்றில், குருவின் முன்னே மண்டியிட்டு அவன் இதைக் கேட்டான். இறந்த முன்னோர்க்கும் இருக்கும் மக்களுக்கும் இடையே நின்று பேசுபவர் அந்தக் குரு. பெயர் நோமலாங்கா. அப்படிப்பட்டவரை மகோசி என்று அழைப்பதே அங்கே மரியாதை. வயதில் அவர் சீடனுக்கு இளையவர். சீடனோ நகரத்துத் தையல் ஆலையில் மேற்பார்வையாளனாக இருந்து தலை நரைத்தவன். கனவில் முன்னோர்கள் வந்து படுக்கவிடாமல் துரத்தியதால், வேலையை விட்டுவிட்டு அவரிடம் வந்து சேர்ந்திருந்தான்.

“இருக்கிற பெயருக்கு என்ன குறை?” என்று கேட்டார் குரு.

“பொங்கானி என்ற பெயரை மரணம் மனப்பாடம் செய்துவிட்டது.”

அது அவன் கட்டிய பேச்சு அன்று. ஊரே அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தது. ‘நன்றி சொல்லுங்கள்’ என்று பொருள்படும் அந்தப் பெயரை, தவமிருந்து பெற்ற பிள்ளைகளுக்கெல்லாம் வைப்பது அவர்கள் வழக்கம். தெருவுக்கு நான்கு பொங்கானிகள் இருந்தார்கள். அவர்களில் சிலர் நாடறிந்தவர்களாகவும் ஆனார்கள். அந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் பொங்கானி என்ற கோல்கீப்பர் மைதானத்திலேயே சரிந்து விழுந்தார். அடுத்து, பொங்கானி என்ற நீதிபதி உறக்கத்தில் போனார். கடைசியாக, வானொலியைத் திறந்தாலே கேட்கும் குரலுக்குரிய பாடகன் பொங்கானி, மலைப்பாதையின் வளைவில் காரோடு உருண்டான். அதன் பிறகு தாய்மார்கள் தங்கள் பொங்கானிகளை வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

“பெரிய மனிதர்களை முடித்துவிட்டது. இனி எங்களைப் போன்றவர்கள்தாம் மிச்சம்” என்றான் சீடன்.

“வரிசையில் நிற்கிறாயா?”

“சிரிக்காதீர்கள், மகோசி. யாராவது என்னைக் கூப்பிட்டால் முதுகு சில்லிடுகிறது.”

குரு சிரிக்கவில்லை. வேலியோரம் நின்ற முள்மரத்திலிருந்து ஒரு கிளையை வெட்டி அவன் கையில் கொடுத்தார். நம் இலந்தைக்கு உறவான மரம் அது. அதில் ஒரு முள் நேராக நீண்டிருக்கும்; அதன் ஜோடி முள் பின்னோக்கி வளைந்திருக்கும்.

அந்தக் கிளையைக் கண்டதும் சீடனின் முகம் வெளுத்தது. வெளியூரில் மாண்டவரின் ஆவி, மாண்ட இடத்திலேயே வழி தெரியாமல் நிற்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஒருவர் இந்தக் கிளையோடு அங்கே போய், இறந்தவரைப் பெயர் சொல்லி அழைத்து, வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். அழைத்த பிறகு, வீடு சேரும்வரை வேறு யாரிடமும் ஒரு வார்த்தை பேசக் கூடாது.

“பாடகனின் தாய் மாந்துலி வந்திருந்தாள்” என்றார் குரு. “உடலைக் கொண்டுவந்து புதைத்தார்கள், அவனைக் கொண்டுவரவில்லை என்கிறாள். கனவில் மூடுபனிக்குள் நின்று வழி கேட்கிறானாம். போய்க் கூட்டி வா.”

“அந்த வளைவில் நின்று என் பெயரையே நான் கூப்பிட வேண்டுமா?”

“அவன் பெயரை.”

“இரண்டும் ஒன்றுதானே, மகோசி?”

“போய் வந்து சொல்.”

மறுநாள் காலையில் அவன் சிற்றுந்தில் போய் இறங்கினான். வளைவை மூடுபனி அடைத்திருந்தது. உடைந்த தடுப்புக்கு அப்பால் பள்ளம் இருப்பது தெரிந்தது; அதன் அடி தெரியவில்லை. மேலேயிருந்து கனரக லாரிகள் வரும் ஓசை முதலில் கேட்கும். விளக்குகள் பிறகுதான் தெரியும். அவன் கிளையைப் பற்றிக்கொண்டு வாயைத் திறந்தான். பெயரின் முதல் எழுத்து உதட்டுக்கு வந்ததும் உதடு தானாக மூடிக்கொண்டது. இங்கே மரணம் உலவிக்கொண்டிருந்தால்? கேட்டுவிட்டு, இதோ இன்னொருவன் என்று திரும்பினால்?

அவன் வேறு விதமாகக் கூப்பிட்டான்.

“பள்ளத்தாக்கின் குரலே, வா. பொன் தொண்டைக்காரனே, வா. அரங்குகளை நிறைத்தவனே, வீட்டுக்குப் போவோம்.”

திரும்பும் சிற்றுந்தில் இரண்டு இருக்கைகளுக்குக் கட்டணம் கொடுத்து, பக்கத்து இருக்கையில் கிளையைக் கிடத்தினான். கூடை வைத்திருந்த ஒருத்தி அங்கே உட்காரப் போனாள்.

“அம்மா, அங்கே ஆள் இருக்கிறது” என்றார் ஓட்டுநர், கண்ணாடியில் பார்த்தபடி.

அவள் கிளையைப் பார்த்தாள். கூடையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் போய் நெருக்கி உட்கார்ந்தாள்.

“யாரைக் கூட்டிப் போகிறீர்கள், அண்ணா?” என்று ஒருவன் கேட்டான்.

“அவர் பேச மாட்டார். உனக்குத்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதே” என்றாள் கூடைக்காரி.

அந்த நேரம் பார்த்து வானொலி இறந்தவனின் பாட்டைப் போட்டது. அறிவிப்பாளர் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஓட்டுநர் அதை அணைத்தார்.

மாந்துலியின் குடிசையில், முன்னோர்க்கென்று ஒதுக்கிய பின்பக்க மூலையில், கிளையைக் கிடத்தினான். அவள் பாயில் உட்கார்ந்து வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். குரு வாசலோரம் இருந்தார்.

“எப்படிக் கூப்பிட்டீர்கள்?” என்று கேட்டாள் மாந்துலி.

அவன் சொன்னான்.

“பெயர் சொல்லவில்லையா?”

அவன் தலை குனிந்தான்.

“பொன் தொண்டை, பள்ளத்தாக்கின் குரல் எல்லாம் வானொலிக்காரர்கள் வைத்தவை” என்றாள் அவள். “வீட்டில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டாலும், யாரையோ சொல்கிறார்கள் என்று அவன் சாப்பிட்டுக்கொண்டிருப்பான். நீங்கள் கூட்டி வந்தது என் மகனை இல்லை.”

“அப்படியானால் இது யார்?” என்று சீடன் கேட்டான்.

மூலையில் கிடந்த கிளையின் பக்கம் பார்க்க அவனுக்குத் துணிவு வரவில்லை. மாந்துலி மெல்லப் பாயை வாசல் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

குரு எழுந்து போய்க் கிளையை எடுத்தார். மாட்டுத் தொழுவத்தின் வேலியில் அதைச் செருகிவிட்டு வந்தார்.

“வேறு கிளை வெட்டு. நாளை நானும் வருகிறேன்” என்றார்.

“மகோசி, இந்தத் தாயிடம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வேறு யாரையாவது அனுப்புங்கள்.”

மாந்துலி அவனை நிமிர்ந்து பார்த்தாள். “வேறு யார் இருக்கிறார்கள்? அவன் தம்பிகள் அந்தச் சாலைக்கே வர மாட்டோம் என்றுவிட்டார்கள். நேற்றும் கனவில் வந்தான், ஐயா. குளிருகிறது என்றான்.”

அவன் வேறு கிளை வெட்ட எழுந்து போனான்.

மறுநாள் மூடுபனி இன்னும் கனத்திருந்தது. குரு வளைவின் உட்புறத்தில் பாறையோரமாக நின்றுகொண்டார். சீடன் மட்டும் உடைந்த தடுப்பருகே போனான். பின்னால் திரும்பினான், குரு இருந்த இடத்தில் வெண்மைதான் இருந்தது.

“அங்கேதான் இருக்கிறீர்களா, மகோசி?”

“கூப்பிடு.”

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

“பொங்கானி.”

அவனுக்கே கேட்கவில்லை. மூச்சை இழுத்து மறுபடியும் சொன்னான்.

“பொங்கானி!”

“இதோ இருக்கிறேன்” என்றது பள்ளத்திலிருந்து ஒரு குரல்.

ஓட வேண்டும் என்று சீடன் நினைத்தான். காலுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. கீழே கற்கள் உருண்டன. யாரோ மூச்சு வாங்க மேலேறி வருவது கேட்டது.

“வருகிறேன், வருகிறேன். அதற்குள் என்ன அவசரம்?” என்றது குரல்.

மூடுபனிக்குள் முதலில் ஒரு கை தெரிந்தது. அது தடுப்பின் ஒடிந்த கம்பியைப் பற்றியது. பிறகு ஒரு தலை. சீடன் கிளையை மார்போடு அணைத்துக்கொண்டான்; முட்கள் சட்டையைத் துளைத்ததைக்கூட அவன் உணரவில்லை. தன் முறை வந்துவிட்டது என்றே நினைத்தான். யாருக்கும் சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டோமே என்று மட்டும் ஓர் எண்ணம் ஓடிற்று.

மேலேறி வந்தது ஆரஞ்சு நிற மேலங்கி அணிந்த, தொந்தி பெருத்த ஒரு மனிதன். வாயில் இருந்ததை மென்று விழுங்கினான்.

“மேஸ்திரி என்று நினைத்தேன்” என்றான் அவன். “சாப்பிட உட்கார்ந்தால் போதும், அந்த ஆளுக்கு மூக்கு வியர்த்துவிடும். நீங்கள் யார்?”

அப்போதுதான் கிளையைப் பார்த்தான். சட்டென்று தொப்பியைக் கழற்றினான்.

“மன்னித்துக்கொள்ளுங்கள். என்னைத்தான் கூப்பிடுகிறீர்கள் என்று இருந்துவிட்டேன்.”

சீடன் வாய் திறக்கவில்லை. அழைப்பைத் தொடங்கியாயிற்று, இனி வேறு யாரிடமும் பேசக் கூடாது. பாறையோரத்திலிருந்து குருவின் குரல் வந்தது.

“உன் பெயரும் பொங்கானியா?”

“ஆமாம், மகோசி. அந்தப் பாடகர் உடைத்துக்கொண்டு போன தடுப்பைத்தான் மாற்றிக்கொண்டிருக்கிறேன். கீழே காற்று அடிக்காது என்று சோற்றை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.” அவன் சீடனைக் காட்டினான். “இவர்?”

“அவனும் பொங்கானிதான்.”

சாலைப் பணியாளன் சீடனை மேலும் கீழும் பார்த்தான்.

“அப்படியானால் நாங்கள் இரண்டு பேரும் இப்படி ஒரே இடத்தில் நிற்க வேண்டாம். லாரி வந்தால் ஒரே பெயரில் கணக்கு முடிந்துவிடும்.” அவன் சிரித்தான், சிரிப்பு பாதியில் நின்றது. “எனக்கும் பயம்தான், ஐயா. என் மனைவி இப்போது வேறு ஏதோ பெயர் வைத்துக் கூப்பிடுகிறாள். யாரையோ கூப்பிடுகிறாள் என்று நான் திரும்பிப் பார்ப்பதே இல்லை. அதற்கும் சண்டை.”

மேலே லாரி ஒன்று இறங்கும் ஓசை கேட்டது. அவன் தடுப்பில் சாத்தியிருந்த சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு அந்தத் திசையில் ஓடினான்.

“நீங்கள் கூப்பிடுங்கள்” என்று மூடுபனிக்குள்ளிருந்து கத்தினான். “முடியும்வரை ஒரு வண்டியையும் விட மாட்டேன்.”

பிரேக் கிறீச்சிட்டது. லாரி நின்றது. யாரோ திட்டினார்கள். பிறகு எஞ்சினும் அணைந்தது.

அந்த அமைதியில் சீடன் பள்ளத்தைப் பார்த்து நின்றான். நடுங்கிக்கொண்டே சொன்னான்.

“பொங்கானி. சிபியா குலத்து மகனே. மாந்துலி உன்னைக் கேட்கிறாள். குளிரில் நின்றது போதும். வா, வீட்டுக்குப் போவோம்.”

எதுவும் அசையவில்லை. கிளை கனத்ததா என்று பின்னாளில் பலர் அவனிடம் கேட்டார்கள். அவன் தெரியாது என்றே சொன்னான்.

வழியெல்லாம் அவன் கிளையோடு மட்டும் பேசினான். ஆறு வந்தபோது, “இப்போது ஆற்றைக் கடக்கிறோம், பொங்கானி” என்றான். ஊர்ச்சாலை பிரிந்தபோது, “இங்கே திரும்ப வேண்டும், பொங்கானி” என்றான். ஒவ்வொரு முறையும் முதுகு சில்லிட்டது. ஒவ்வொரு முறையும் அந்தப் பெயரை முழுதாகச் சொன்னான்.

மாந்துலி வாசலிலேயே நின்றிருந்தாள். கிளையைக் கண்டதும் அவள் அழவில்லை. முகத்தைச் சுளித்தாள்.

“இத்தனை நாளா ஒரு மனிதன் வருவதற்கு?” என்றாள் கிளையிடம். “பொங்கானி, உள்ளே வா. வாசலிலேயே நின்றால் பனி உள்ளே வருகிறது.”

அவள் கிளையைக் கையிலேந்தி உள்ளே கொண்டுபோனாள். பின்னால் கதவு சாத்தப்பட்டது. உள்ளே அவள் மேலும் ஏதோ கடிந்துகொள்வது கேட்டது; கொஞ்ச நேரத்தில் அந்தக் குரல் தணிந்தது.

குருவும் சீடனும் முற்றத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் சட்டையில் முள் குத்திய இடங்களில் இரத்தம் உலர்ந்திருந்தது.

“புதுப் பெயர் யோசித்து வைத்திருக்கிறாயா?” என்று கேட்டார் குரு.

“வைத்திருந்தேன், மகோசி.”

“சொல்.”

“அது இனி வேண்டாம். பயம் மட்டும் அப்படியே இருக்கிறது” என்றான். “அந்தக் குரல் கேட்டபோது, மரணம்தான் வந்துவிட்டது என்று நினைத்தேன்.”

“வந்தது யார்?”

“சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு மனிதன்.”

“பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு வந்தான்” என்றார் குரு.