புலிமுதலையின் எரு

குன்றங்காவல் நாட்டுத் தளபதி வீரகண்டன் ஒருநாள் திரை போட்ட கூண்டோடு காட்டிலிருந்து வந்தார். உள்ளே இருப்பது முன்பாதி புலி, பின்பாதி முதலையாம். நேரில் பார்த்தால் கண் போய்விடுமாம். அதற்குத் தினம் ஓர் ஆடு வேண்டும் என்றார். ராஜாவும் தலையாட்டிவிட்டார்.

முப்பது நாளில் ஆட்டுக்காரி காத்தாயியின் முப்பது ஆடுகள் போயின. மிஞ்சியது ஒரே ஒரு சினை ஆடு. அதையும் கேட்டு ஆள் வந்தபோது, அவள் ஆட்டையும் ஒரு காலிக் கூடையையும் எடுத்துக்கொண்டு, கூண்டு வைத்திருந்த சபைக்கு நேரே போனாள்.

"ஆட்டைத் தர்றேன் சாமி. ஆனா எங்க ஆட்டு எரு எங்களுக்குத்தான். அதுதான் ஆட்டுக்கிடை போடுறவங்க வழக்கம். அது தின்ன முப்பது ஆடும் எருவாகிக் கூண்டுக்குள்ள கிடக்குமே, அள்ளிக்கிறேன்."

ராஜாவுக்கு அது நியாயமாகப் பட்டது. "அள்ளிக் கொடும், தளபதி."

தளபதி கூண்டை மறைத்து நின்றார். "அது தெய்வ மிருகம், பிரபு. சாணம் போடாது."

"ஒரு நாள்கூடவா?" என்று கேட்டாள் காத்தாயி.

"ஒரு துளிகூட இல்லை."

"அப்போ என் முப்பது ஆடும் தின்ன வயித்துக்குள்ளேயேதான் இருக்கணும்," என்றாள் காத்தாயி. "அந்த வயிறு எம்மாம் பெருசா இருக்கும் சாமி!"

சபையில் யாரும் கூண்டைப் பார்க்கவில்லை. எல்லாருடைய கண்ணும் தளபதியின் தொப்பைக்குப் போனது.

ராஜா எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு திரையை விலக்கினார். உள்ளே ஒரு குழம்புச் சட்டி இருந்தது.

இப்போது காத்தாயியின் ஆட்டுக்கிடையில் தளபதிதான் எரு அள்ளுகிறார். கூடை அவளுடையது.