முதல் கவளம் யாருக்கு?

“எனக்குப் பசிக்குதுங்க. இன்னைக்கு நான் முதல்ல சாப்பிட்டுக்கிறேன்.”

முன்னொரு காலத்தில், தன் நிழலையே திரும்பித் திரும்பிப் பார்த்து நடக்கும் ஒரு மன்னர் ஆண்ட நாட்டில், அஞ்சுகம் தன் கணவரிடம் இப்படிக் கேட்டாள். பட்டுச் சேலை கேள், காசுமாலை கேள், இதை மட்டும் உயிர் போனாலும் கேட்காதே என்று சொல்லித்தான் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். விடியலில் அடுப்பு மூட்டியவள் அவள். உச்சிவெயில் ஏறியும் அவர் வாசலில் வம்பளந்துகொண்டிருந்தார். பதிலுக்குக் காத்திராமல் அவள் சாப்பிட்டாள்.

கணவர் வயிரவநாதர் அரசாணை எழுதுபவர். அதே அவையில் அஞ்சுகம் விகடம் சொல்பவள். அவள் வாய் திறந்தால் மன்னர் சிரிப்பார். இவர் வாய் திறந்தால் கொட்டாவி விடுவார். இதில் வயிரவநாதருக்கு வெகுநாளாக வயிற்றெரிச்சல். மறுநாளே அவையில் முறையிட்டார்.

“மன்னர் பெருமானே! கணவனுக்கு முன் உண்ட இவளை அவையை விட்டு நீக்கி, என் வீட்டுக்குள் அடக்கிவைக்க உத்தரவிட வேண்டும்.”

மந்திரிகள் தலையாட்டினார்கள். அவரவர் வீட்டில் நடக்கும் வழக்கம்தானே.

“என்ன சொல்கிறாய், அஞ்சுகம்?” என்றார் மன்னர்.

“தவறைத் திருத்திக்கொள்ளச் சோற்றுச் சட்டியோடு வந்திருக்கிறேன், மன்னா. இன்று அவர் உண்ட பிறகே உண்பேன். அதற்கு முன் ஒரு சந்தேகம்.”

சந்தேகம் என்றதும் மன்னர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“தங்கள் உணவைத் தங்களுக்கு முன் உண்பவர் யார்?”

“சமைத்தவன்தான். நஞ்சு இருந்தால் அவன் சாகட்டும்.”

“அவர் ஒருநாள், ‘தாங்கள் முதலில் உண்ணுங்கள், நான் அப்புறம்’ என்றால்?”

“தலையை வாங்குவேன்!”

“எல்லா வீட்டிலும் பெண்டாட்டிகள் தினமும் அதைத்தானே சொல்கிறார்கள்? சமைப்பதும் அவர்கள், பரிமாறுவதும் அவர்கள். எதிரில் நின்று, கணவர் விழுங்குவதைப் பார்த்துக்கொண்டேயிருக்கிறார்கள். எதற்கென்று இங்கே யாராவது யோசித்ததுண்டா?”

சேனாபதி மெல்ல வயிற்றைத் தடவினார். காலையில் தின்ற பொங்கல் கொஞ்சம் கசந்ததோ என்று தலைமை மந்திரிக்கு வியர்த்தது.

அஞ்சுகம் இலை விரித்துச் சோறும் புளிக்குழம்பும் பரிமாறினாள். “உட்காருங்க. வழக்கப்படி நீங்கதான் முதல்ல.”

வயிரவநாதர் முகர்ந்தார். உருண்டை பிடித்தார். வாய்வரை கொண்டுபோனார். அவள் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

“நீ... நீ ஒரு வாய் தின்னு பாரேன்.”

“அவையோரே, கேட்டீர்களா? அவரே சொல்கிறார்!” என்று அஞ்சுகம் இலைமுன் உட்கார்ந்தாள். ஒரு வாய் தின்றாள். இன்னொன்று. சட்டியில் மிச்சமிருந்ததையும் இலையில் கவிழ்த்துக்கொண்டாள்.

“அடியே, எனக்கு?”

“விஷம் அடியில இருந்துட்டா என்ன பண்றது? முழுசும் சோதிக்க வேணாமா?”

சிம்மாசனம் குலுங்க மன்னர் சிரித்தார். “வழக்கு தள்ளுபடி! அஞ்சுகம் அவையில் இருப்பாள். அதோடு என் உணவை முதலில் உண்ணும் பதவியும் தந்தோம்!”

“என் சோத்தையுந்தான்,” என்றார் வயிரவநாதர் அவசரமாக. “வீட்டுக்கு வா. இனிமே தினமும் நீயே முதல்ல சாப்பிடு.”

அஞ்சுகம் இருவரையும் பார்த்தாள். கடைசியில் தின்றால் இவர்கள் மரியாதைக்கு. முதலில் தின்றால் இவர்கள் உயிருக்கு. தன் பசிக்கென்று அவள் தின்ன ஒரு வேளையும் இல்லை.

“பதவி வேண்டாம், மன்னா. தெற்கு வீதியில் தாங்கள் பூட்டிவைத்திருக்கும் வீட்டைப் பரிசாகக் கொடுங்கள்.”

“தனி வீடு எதற்கு?” மன்னரின் கண்கள் சுருங்கின.

“அங்கே சமைப்பவளும் நானே, தின்பவளும் நானே. யாருக்கும் சந்தேகம் வராது.”

இதுவும் விகடம் என்று நினைத்து, மன்னர் விழுந்து விழுந்து சிரித்தபடி இடுப்புக் கொத்திலிருந்த அதன் சாவியைக் கழற்றித் தூக்கிப் போட்டார். அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டு நடந்தாள்.

“நாளைக்கு யாருடி சமைக்கிறது?” என்று பின்னாலிருந்து கத்தினார் வயிரவநாதர்.

அவள் திரும்பவில்லை. அவளுடைய துணிமூட்டையும் ஒரு சின்னப் பானையும் காலையிலேயே தெற்கு வீதி வாசலுக்குப் போய்ச் சேர்ந்திருந்தன.